‘வேண்டாம்’ என்கிற முதல் சொல்: குழந்தை, உடல், அதிகாரம்

1

குழந்தை பற்றி நம் வீடுகளில் புழங்கும் சொற்களைப் பட்டியலாகப் போட்டுப் பார்க்கலாம். அடம், பிடிவாதம், முரண்டு, கொழுப்பு, திமிர், சேட்டை, செல்லம் கொடுத்துக் கெட்டது. பாராட்டுக்கென்று இருப்பது பெரும்பாலும் ஒரே தொடர்தான்: ‘சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை’. இதைத் திருப்பிப்போட்டுப் ‘பிள்ளை பேச்சைக் கேட்கிற அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். பாராட்டாக ஒலிக்காது. வீட்டில் ஏதோ தலைகீழாகிவிட்டது என்கிற கேலியாக ஒலிக்கும். கேட்பது என்கிற வினை கீழே இருப்பவர் செய்ய வேண்டியது என்று பேச்சு மொழியே ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறது.

இலக்கணத்திலும் ஒரு தடயம் உண்டு. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிவு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரிசைப்படுத்துகிறது. மகவும் குழவியும் அந்த வரிசையில் இருக்கின்றன. அடிமை, பெண்மை ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன. அரசும் அதே வரிசையில்தான் என்பதால், தமிழ் குழந்தையைப் பொருளாகவே பார்த்தது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் ‘குழந்தை அழுதது’ என்று இன்றைக்கும் நாம் எழுதும்போது, அழுத ஆள் யார் என்கிற கேள்வி அந்த ‘அது’வுக்குள் கொஞ்சம் மங்கிப்போகிறது.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பற்றியே இங்கு பேச நினைக்கிறேன். பெண், தலித், தொழிலாளி, பைத்தியம், சிறை என்று அதிகாரம் செயல்படும் தளங்கள் பலவற்றையும் நாம் விவாதித்திருக்கிறோம். குழந்தையோ நம் எழுத்தில் பெரும்பாலும் உருவகமாக வந்துபோகிறது. கவிதையில் தெய்வமாக, நாவலில் தொலைந்துபோன காலமாக. இன்று காலை அம்பத்தூரில் சட்டை போட மறுத்து அறை வாங்கிய குழந்தை இந்த இரண்டிலும் இல்லை.

கருத்தியல் பற்றிய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் அல்தூசர், பிறப்பதற்கு முன்பே குழந்தை ஒரு தன்னிலையாக்கப்பட்டு விடுகிறது என்கிறார்; அப்பன் பெயரைச் சுமக்க அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே தயார். நம் ஊரில் அப்பன் பெயரோடு சாதியும் தயாராக இருக்கும். எனில், இப்படி எழுதி வைக்கப்பட்ட இடத்தில் வந்து விழும் உயிர் தன் பங்குக்கு எதையாவது சொல்லத் தொடங்குவது எப்போது? உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1957இல் வெளியிட்ட நூலில், மறுத்துத் தலையசைக்கக் கற்கும் தருணத்தை (ஏறக்குறைய பதினைந்தாவது மாதம்) மிக முக்கியமான திருப்பமாகக் காண்கிறார். நடக்கத் தொடங்கிய குழந்தை நாள் முழுக்கக் கேட்பது ‘தொடாதே’, ‘போகாதே’, ‘வேண்டாம்’. பெரியவர்களிடமிருந்து வந்த அந்த மறுப்பை எடுத்துத் தனதாக்கிக்கொண்டு அவர்களுக்கே திருப்பித் தருகிறது. ஸ்பிட்ஸின் பார்வையில் கருத்துருவாகச் சிந்திப்பது இங்கேதான் பிறக்கிறது. நாம் ‘அடம்’ என்று பெயரிட்டு ஒடுக்குவது நம்மிடமிருந்தே குழந்தை கற்ற சொல்லை.

2

‘அப்போ, குழந்தை கேட்டதெல்லாம் செய்யணுமா?’ இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் கேள்வி இது. ஆசை, உணர்வு, எல்லை என்கிற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிற கேள்வி. மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

ஆசை மறுக்கப்படலாம். சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் இந்த நாடகம் நடந்துகொண்டே இருக்கும். பலூன்காரர் வருகிறார். வேலை முடிந்து வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மாவின் கையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு. குழந்தை பலூன் கேட்கிறது. வழக்கமான பதில்கள் நான்கு. ஒன்று பொய்: ‘நாளைக்கு வாங்கித் தர்றேன்’. இரண்டு பயம்: ‘அந்த ஆளு உன்னைப் புடிச்சிட்டுப் போயிடுவான்’. மூன்று அவமானம்: ‘எல்லாரும் பாக்கறாங்க பாரு, அசிங்கம்’. நான்கு அடி. சொல்லப்படாமலே போகிற ஐந்தாவது ஒன்று உண்டு: ‘அந்தச் செவப்பு பலூன் உனக்கு வேணும், இல்லியா? நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு அம்மாகிட்ட காசு இல்லடா.’ இதைச் சொன்னாலும் குழந்தை அழும். அழட்டும். அழுகையை நிறுத்துவது இங்கே நோக்கமில்லை. பலூன் கிடைக்கவில்லை என்பது ஒரு இழப்பு. பலூன் வேண்டும் என்று நினைத்ததே குற்றம் என்று ஆவது வேறொரு இழப்பு. முதலாவதைத் தாங்கக் குழந்தைக்குத் தெம்பு உண்டு.

உணர்வை யாரும் உத்தரவிட முடியாது. ‘அழாதே’, ‘பயப்படாதே’, ‘கோவப்படாதே’ எல்லாம் உத்தரவுகள். செயலுக்கு எல்லை போடலாம்: தம்பியைக் கடிக்கக் கூடாது, கையைப் பிடித்துத் தடுக்கலாம், தடுக்கத்தான் வேண்டும். தம்பி மேல் வரும் ஆத்திரத்தைத் தடை செய்ய யாருக்கும் அதிகாரமில்லை. நம் கிராமத்துப் பேச்சில் இதற்கு ஒரு நுட்பமான அறிவு இருந்திருக்கிறது. அடுத்த பிள்ளை வந்ததும் பாலும் மடியும் பறிபோன குழந்தையைச் ‘சவலை’ என்றார்கள். நிறைவேறாத ஆசையால் குழந்தை ‘ஏங்கிப்போயிடும்’ என்றார்கள். ஏக்கத்தை உடம்பைத் தின்னும் நோயாகவே கண்டார்கள். குழந்தையின் மனசில் நடப்பது சும்மா இல்லை, அதற்கு ஒரு பொருண்மை இருக்கிறது என்பது இந்தச் சொற்களுக்குத் தெரியும். ‘அடியாத மாடு படியாது’ என்ற அதே வாய்தான் ‘புள்ள ஏங்கிடும்’ என்றும் சொன்னது. பண்பாட்டை ஒற்றைக் குரலாக வாசிக்கிற இரண்டு தரப்புக்கும், பழமையைப் போற்றுபவருக்கும் பழிப்பவருக்கும், இது சங்கடமான விஷயம்.

மூன்றாவது எல்லை. இதுதான் விட்டுக்கொடுக்கக் கூடாதது. என்னைத் தூக்காதே, கன்னத்தைக் கிள்ளாதே, போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு, கதவைச் சாத்து. தன் உடலைப் பற்றிக் குழந்தை சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. ஊசி போட வேண்டியிருக்கும், தெருவுக்கு ஓடுகிறவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். அங்கெல்லாம் நாம் மீறுகிறோம் என்று தெரிந்து, சொல்லிவிட்டு மீறுவது ஒன்று. அப்படி ஒரு எல்லையே இல்லாதது போல் நடந்துகொள்வது வேறு.

3

இந்த மூன்றையும் மேற்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழை மறுவாசிப்புச் செய்தால் போதும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதல் பதினேழாம் நூற்றாண்டின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை, பின்னும் தொடர்ந்து, குழந்தையின் முன்னால் பெரியவர்கள் எப்படி நின்று பேசுவது என்பதற்கு ஒரு முழு இலக்கணமே நம்மிடம் இருக்கிறது. (யாருடைய குழந்தை என்பதற்குப் பிறகு வருகிறேன்.)

முத்தப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையிடம் முத்தம் கேட்கிறார்கள். கடலில் பிறந்த முத்து, மூங்கிலில் பிறந்த முத்து, கரும்பில் பிறந்த முத்து என அடுக்கி, அவற்றுக்கெல்லாம் விலை உண்டு, உன் வாய் முத்தத்துக்கு விலையில்லை என்று பாட்டுக்குப் பாட்டு கெஞ்சுகிறார்கள். கவனிக்க வேண்டியது, முத்தம் எடுக்கப்படவில்லை, கேட்கப்படுகிறது. தருவதும் தராததும் குழந்தையின் கையில். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டே நீள்கிறது.

அம்புலிப் பருவம் இன்னும் சுவாரசியம். குழந்தையோடு விளையாட நிலா இறங்கி வர வேண்டும். நிறைவேற்ற முடியாத ஆசைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ‘நிலா எப்படி வரும், பேசாமப் படு’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசியலின் நான்கு உபாயங்களையும் எடுத்து நிலாவிடம் வாதாடுகிறார்கள். நீயும் இவனும் ஒன்று என்கிறார்கள், நீ இவனுக்கு ஈடில்லை என்கிறார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்கிறார்கள், கடைசியில் மிரட்டுகிறார்கள். தண்டம் வருகிறது, ஆனால் நிலாவுக்கு. குழந்தைக்கு இல்லை. ஆசைப்பட்டவரைத் தண்டிக்காமல் ஆசையின் பக்கம் நின்றுகொண்டே, அது கிடைக்காது என்கிற உண்மையோடும் இருக்க முடிகிற ஒரு மொழி அது.

சிற்றில் பருவத்தில் காட்சி மாறுகிறது. பிள்ளைத்தமிழின் ஆண் குழந்தை, சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை மிதித்துக் கலைக்க வருகிறான். கலைக்காதே என்று அவர்கள் வேண்டுகிறார்கள். இப்போது எல்லை சிறுமிகளுடையது. மீறுகிறவன் கொண்டாடப்படும் குழந்தை. அவன் கடவுள் அல்லது அரசன், எனவே அவன் மீறல் லீலை. அவர்களால் கெஞ்சத்தான் முடியும். ஆணின் ஆசைக்கும் பெண்ணின் எல்லைக்கும் இடையே என்ன உறவு என்பதை நம் இலக்கியம் மணல் வீட்டிலேயே சொல்லித் தந்துவிடுகிறது.

இங்கேதான் ‘யாருடைய குழந்தை’ என்கிற கேள்வி. பத்துப் பருவத்தின் பொறுமையும் முருகனுக்கும் மீனாட்சிக்கும் குலோத்துங்கனுக்கும் கிடைத்தது. களத்துமேட்டில் தொட்டில் கட்டிவிட்டு நடவுக்குப் போனவளின் குழந்தைக்கு யார் அம்புலியை அழைத்தார்கள்? அவளும் அழைத்தாள், தாலாட்டில் அழைத்தாள், எழுத்துக்கு வராமல் அழைத்தாள். ஆனால் குழந்தையிடம் கெஞ்சிக் கேட்கிற உரிமையும் நேரமும் ஒரு வர்க்கச் சலுகையாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

4

உடலுக்கு வருவோம். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலோ மாங்காட்டிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை போடும் இடத்தில் நின்றால் தெரியும். மாமன் மடியில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட குழந்தை உயிர் போவது போல் அலறுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது செல்போனில் படமும் எடுக்கிறார்கள். இந்தச் சடங்கு வேண்டுமா என்று நாத்திகத் தோழர்கள் விவாதிக்கலாம். என் கேள்வி அதற்கு முந்தியது. நடக்கப் போவதை அந்தக் குழந்தையிடம் யாராவது சொன்னார்களா? அண்ணனுக்கு முடி எடுப்பதை முதலில் பார்க்க விட்டார்களா? பாதியில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்க விட்டார்களா? சாமிக்கு வேண்டிக்கொண்டது முடியை. குழந்தையின் பீதியை யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்பதும் இதன் தொடர்ச்சி. குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. ‘குடுக்க மாட்டியா? சாக்லெட் கெடையாது போ.’ பெரியவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் குழந்தையின் வாய் கடனாகக் கொடுக்கப்படுகிறது. சாந்தோர் ஃபெரென்சி 1932இல் வாசித்த கட்டுரை ஒன்றில், குழந்தை பேசுவது பரிவின் மொழி, பெரியவர் சில சமயம் அதற்குப் பதில் சொல்வது வேட்கையின் மொழி என்றார். இந்த மொழிக் குழப்பத்தில் குழந்தை தன் புலன்களையே நம்பாமல் போய், பெரியவரின் விருப்பத்தைத் தன் விருப்பமாக ஏற்றுக்கொள்கிறது என்றும் விளக்கினார். 2012இல் போக்சோ சட்டம் வந்தபின் பள்ளிகளில் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லித் தருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஐந்து வருஷம் வீட்டில் ‘மாட்டேன்னு சொல்லக் கூடாது’ என்று பழக்கிவிட்டு, ஆறாவது வருஷம் ஒரு மணி நேர வகுப்பில் ‘மாட்டேன்னு சொல்லு’ என்றால் எந்த வாயால் சொல்லும்?

பயமுறுத்தலும் அப்படித்தான். ஆவடி சீருடைக்காரர்களின் ஊர். படை, பாதுகாப்புத் தொழிற்சாலைகள், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், 2022 முதல் தனி போலீஸ் கமிஷனரகம். ‘சாப்பிடலேன்னா போலீஸ்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்’ என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கிற வசனம். இதே குழந்தை நாளை ஆவடி ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரிடம் போகும்? டாக்டர், வாத்தியார், போலீஸ் என்று உதவி கேட்க வேண்டிய அத்தனை பேரையும் பூச்சாண்டியாக்கிவிட்டுப் பிறகு குழந்தை வாய் திறக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

சாதியின் முதல் பாடமும் குழந்தையின் ஆசையை வெட்டித்தான் நடக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு எந்த வீடும் வீடுதான், எந்தச் சொம்பும் சொம்புதான். ‘அங்க போயி தண்ணி குடிக்கக் கூடாது’ என்று ஒரு கிள்ளு விழுகிறது. காரணம் சொல்லப்படுவதில்லை, சொல்லத்தக்க காரணம் ஏதும் இல்லை. தீண்டாமையைக் கருத்தாகக் கற்பதற்கு முன்பே குழந்தை வலியாகக் கற்கிறது. கிள்ளு வாங்கிய குழந்தைக்கு நேர்வது இது. எதிர்வீட்டு வாசலில் நின்று, தன்னோடு விளையாடிக்கொண்டிருந்தவள் இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்த குழந்தைக்கு நேர்வது எந்த வளர்ப்பு நூலிலும் வராது.

5

‘இதெல்லாம் வசதியானவங்க பேச்சு. எங்களுக்கு எங்க நேரம்?’ தொழிற்சங்கத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானதிலிருந்து இந்தப் பகுதியின் கடிகாரம் ஷிப்ட்டுகளால் ஆனது. இன்று ஏற்றுமதித் துணி ஆலைகளில் தைக்கும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் தங்கும் குடும்பங்கள் என முகங்கள் மாறியிருக்கின்றன; கடிகாரம் மாறவில்லை. புரிந்துகொள்வதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. (முதலில் எண்ணிக்கை ஐம்பதாக இருந்தது, 1976இல் முப்பதாகக் குறைந்தது.) 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது. சிறு பட்டறைகள் பல இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. சம்பளம், போனஸ் கோரிக்கைகளுக்குக் கீழே காப்பகக் கோரிக்கை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதைத் தோழர்களே சொல்லட்டும்.

மீதி இருப்பது நாம் இன்னும் ‘பால்வாடி’ என்றே சொல்கிற அங்கன்வாடி. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் இரண்டு வயது முதலான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டமும் குழந்தையின் பசியை அரசின் பொறுப்பாக்கின. பெரிய சாதனை. பசிக்கு அடுத்தபடியாகக் குழந்தையின் பேச்சைக் கேட்பது என்று வரும்போது, ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும், பதிவேடுகளும் எடைக் கருவியும், மதிப்பூதியமும்தான் மிச்சம். டீச்சரின் குரலை யாரும் கேட்காத இடத்தில் அவர் குழந்தையின் குரலைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இன்னொரு பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ‘மாண்டிசோரி’ என்கிற பலகைகள். மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோமின் சான் லொரென்ஸோ என்கிற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் விடப்பட்டிருந்த பிள்ளைகளுக்காக. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்தார். போரினால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். தொழிலாளிப் பிள்ளைகளுக்குப் பிறந்த முறை, தொழிலாளிகள் நிறைந்த அம்பத்தூருக்குக் கட்டணப் பலகையாக வந்து சேர்ந்திருக்கிறது. புரிந்துகொள்ளப்படுவது ஒரு சரக்காகிவிட்டது.

ஆனால் ‘நேரமில்லை’ என்பது முழு உண்மையா? ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். போர் முடிந்த நகரம், கூலிக்கு வேலை பார்க்கும் பணிப்பெண்கள், நிறையக் குழந்தைகள். அங்கே அவர் வைத்த முறை எளிமையானது. குழந்தையைத் தூக்குமுன் ‘தூக்கப் போகிறேன்’ என்று சொல்ல வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும், குழந்தையின் உடல் அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பேச்சு வராத கைக்குழந்தையிடமும் இப்படித்தான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் எப்படியும் நடக்கிற வேலைகள். தனியாக நேரம் ஒதுக்காமல், அந்த வேலைகளுக்குள்ளேயே உறவை வைத்தார். காத்திருப்பு சில விநாடிகள்தான். நம்மிடம் இல்லாதது நேரமா, குழந்தையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்கிற நினைப்பா என்பதை இந்தச் சில விநாடிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

6

1989இல் ஐ.நா. ஏற்று, 1992இல் இந்தியாவும் சேர்ந்துகொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது; ஆனால் அந்தச் சட்டம் பேசுவது ஆறு முதல் பதினான்கு வயது வரை. ஆறுக்குக் கீழே? 1860இன் தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவாக இருக்கிறது: பன்னிரண்டு வயதுக்குக் கீழான குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்தில் செய்வதும், அவர் சம்மதத்தோடு பிறர் செய்வதும் குற்றமாகாது. விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் ‘உன் நன்மைக்குத்தான்’ என்கிற தொடர் வீட்டு வசனமாக மட்டும் இல்லாமல் சட்ட வாசகமாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலனிய அரசு நம்மை ஆண்டதும் அதே தொடரைச் சொல்லித்தான். ஸ்வீடன் 1979இலேயே பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடைசெய்தது. நாம் அந்த விவாதத்தைத் தொடங்கவே இல்லை.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதற்கில்லை. லாக்கப் அடிக்கு எதிராகத் துண்டறிக்கை எழுதுகிறவரின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ‘ரெண்டு போடு போட்டாத்தான் சரிப்படுவான்’ என்கிற குரல் கேட்கிறது என்றால், அது தனிப்பட்ட பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் வன்முறை செல்லுபடியாகும் என்கிற ஒப்புதல் அங்கேதான் உற்பத்தியாகிறது. கேள்வி கேட்காத தொண்டரும், மேலதிகாரியின் கையை உடம்பிலிருந்து தட்டிவிடத் தயங்கும் பெண்ணும், ‘பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்கிற வாக்காளரும் ஒரு காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகள்தான்.

ஆகவே இரண்டு வேலைகள். ஒன்று கூட்டாகச் செய்வது: தொழிற்பேட்டையில் ஆலை அளவைப் பார்க்காமல் பொதுக் காப்பகம், அங்கன்வாடி ஊழியருக்கு முறையான ஊதியம், கூடுதல் ஆட்கள். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இவை மேலே ஏற வேண்டும். மற்றது இன்றிரவே செய்யக்கூடியது. தூக்குவதற்கு முன் கேட்பது. வாங்கித் தர முடியாததை முடியாது என்று பொய்யில்லாமல் சொல்வது. அழுகிறவரை அழ விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ‘வேண்டாம்’ என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அதை வேறு யாராவது நம்மிடம் சொல்லியிருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்போமோ அப்படி எடுத்துக்கொள்வது.